கிழக்குச் சுவரில் கை நுழையும் ஓட்டை

எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்தி வந்தபோது நான் முதலில் தேடியது கட்டணம் எவ்வளவு என்பதைத்தான். ‘கட்டணம் கிடையாது’ என்று போட்டிருந்தது. அப்போதே எனக்குச் சுருக்கென்றது. மயிலாப்பூரில் செருப்பைக் கழற்றி விடுவதற்கே காசு கேட்கிறார்கள். இவர்கள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு மணிக்கு, மந்தைவெளியில் ஒரு மொட்டைமாடியில் உட்கார்ந்து விவசாயம் பற்றி ஓசியில் பேசுகிறார்களாம். ‘உள்ளூர் விவசாயிகள் கலந்துரையாடல். சேர்ந்தால் பயன்கள் பல’ என்று எழுதி, கீழே ஒரு நாற்றுப் படம் வேறு.

மந்தைவெளியில் என்ன விவசாயி? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நெல் காய்கிறதா?

“நமக்குத்தான் நிலம் இருக்கே. நாம ராஜா அண்ணாமலைபுரத்துல இல்லையா? அந்த மாதிரி ஆளுங்களா இருப்பாங்க” என்றார் என் வீட்டுக்காரர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

“சோழியன் குடுமி சும்மா ஆடுமா?” என்றேன் நான்.

நான் சந்தேகப் பிராணிதான், ஒத்துக்கொள்கிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் கணக்கு டீச்சராக இருந்தவள். பரீட்சை ஹாலில் பிட் பிடிப்பதில் எனக்கென்று ஒரு பேர் உண்டு. எந்தப் பிள்ளை எந்த நிமிஷத்தில் ஜாமெட்ரி பாக்ஸைத் திறக்கும் என்று அதன் முதுகைப் பார்த்தே சொல்லிவிடுவேன். ரிட்டயர் ஆனவுடன் அந்தக் கண்ணைக் கழற்றி ஸ்கூலிலேயே கொடுத்துவிட்டு வரவா முடியும்? காய்கறிக்காரர் தராசைத் தட்டும்போதும் பார்க்கிறேன். வாக்கிங் போய்வருகிறேன் என்று கிளம்பும் வீட்டுக்காரர், பஜ்ஜி வாசனையோடு திரும்பும்போதும் பார்க்கிறேன்.

ஆனால் அந்தக் குழுவை நான் ஒதுக்கிவிட முடியவில்லை. என் நிலத்தில் எனக்கு ஒரு திருடனைப் பிடிக்க வேண்டியிருந்தது.

நிலம் என்றால் ஏதோ பண்ணை என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்றரை ஏக்கர். திருப்போரூர் தாண்டி உள்ளே. அப்பா எனக்கு எழுதிவைத்தது. கடல் கிட்டே என்பதால் கிணற்றுத் தண்ணீரே லேசாக உப்புக் கரிக்கும். இருந்தாலும் சம்பாவில் நெல் குறை சொல்ல முடியாதபடி வரும். அப்பா காலத்திலிருந்து ஒருவரே அங்கே பயிர் வைக்கிறார். விளைவதில் பாதி அவருக்கு, பாதி எங்களுக்கு. வீட்டில் அவரைப் பயிர்க்காரர் என்றுதான் சொல்வோம். என் வயதுதான் இருக்கும். தை மாதம் எங்கள் பங்கை அரைத்து அரிசியாக ஒரு குட்டி யானை வண்டியில் போட்டுக்கொண்டு வந்து இறக்குவார், காபி குடிப்பார், போய்விடுவார். அதிகம் பேச மாட்டார்.

ஏழு வருஷத்துக்கு முன்னால் பக்கத்து நிலங்களில் எல்லாம் பிளாட் போட்டுக் கலர்க் கொடி நட ஆரம்பித்தார்கள். ஒரு நாள் போய்ப் பார்த்தால் எங்கள் கிழக்கு வரப்பிலிருந்து ஓரடி உள்ளே எவனோ கல் நட்டிருக்கிறான்! கத்திக் கூப்பாடு போட்டு அந்தக் கல்லைப் பிடுங்க வைத்தேன். மறு மாதமே, ஹாலோ பிளாக் கல் வைத்து நாலு பக்கமும் ஆள் உயரத்துக்குச் சுவர் எழுப்பிவிட்டேன். ஒரே ஒரு இரும்புக் கேட். அதற்கு ஒரு பூட்டு.

சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது பயிர்க்காரர் என்னிடம் வந்து, “கெழக்கால கொஞ்சம் சந்து வுடலாமாம்மா?” என்றார்.

கிழக்கில்தான் அந்தக் கல் நட்டவனுடைய நிலம். எனக்கு எப்படி இருக்கும்?

“எதுக்குச் சந்து? யார் சொல்லச் சொன்னாங்க?” என்றேன்.

அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஒண்ணியும் இல்லம்மா” என்று போய்விட்டார்.

அதற்கு அடுத்த வருஷத்திலிருந்து நெல் குறைய ஆரம்பித்தது. முதல் வருஷம் மழை என்றார். இரண்டாம் வருஷம் பூச்சி என்றார். மூன்றாம் வருஷம் ஒன்றும் சொல்லவில்லை, அரிசியை இறக்கிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். குற்றமுள்ள நெஞ்சுதானே குறுகுறுக்கும்? பரீட்சை ஹாலில் எத்தனை குனிந்த தலைகளைப் பார்த்திருப்பேன். வேலியே பயிரை மேய்கிறது என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன்.

“குறைஞ்சா அவருக்கும்தானே குறையுது?” என்றார் என் வீட்டுக்காரர்.

“வெளியே போறது நம்ம பங்குக் கணக்குல வராதே!”

அதற்கு ஆதாரமும் எனக்குக் கிடைத்தது. சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் டாக்ஸி எடுத்துக்கொண்டு போனேன். வயலில் யாரும் இல்லை. சுவரைச் சுற்றி வந்தேன். கிழக்குச் சுவரின் அடியில், தரையை ஒட்டி, ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை. கடப்பாரையால் இடித்து எடுத்த ஓட்டை. எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. பிட்டைக் கையோடு பிடித்தால் வருமே, அந்த மாதிரி.

வீட்டுக்கு வந்து சொன்னேன். “கை நுழையற ஓட்டையில நெல்லை எலிதான் கடத்தும்” என்றார் இவர். படியால் அள்ளி அந்தப் பக்கம் ஒரு ஆள் சாக்கைப் பிடித்தால் போதாதா என்று கேட்டேன். இவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு வாக்கிங் கிளம்பிவிட்டார்.

பயிர்க்காரரிடம் நான் வாயைத் திறக்கவில்லை. பிடிக்கப் போகும் பிள்ளையிடம் யாராவது முன்னாடியே சொல்வார்களா? திருப்போரூரிலிருந்து ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய் ஓட்டையைச் சிமெண்ட் வைத்து அடைத்தேன். அடுத்த தடவை போனபோது இரண்டு முழம் தள்ளி இன்னொரு ஓட்டை. அதையும் அடைத்தேன். மறு வருஷம் வேறு இடத்தில். இப்படியே நாலு வருஷம். அவரும் வாய் திறக்கவில்லை, நானும் திறக்கவில்லை. இந்தத் தை அறுவடையோடு அவரை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். ஆனால் அப்பா காலத்து ஆள். சும்மா போகச் சொன்னால் ஊர் என்னைத்தான் பேசும். சாட்சி வேண்டும், விவரம் தெரிந்த நாலு பேர் பார்த்து ‘ஆமாம், இங்கே திருட்டு நடக்கிறது’ என்று சொல்ல வேண்டும். அதற்குத்தான் நான் அந்த மொட்டைமாடிக்குப் போனேன். விவசாயம் கற்றுக்கொள்ள இல்லை.

ஆடி மாதம் ஒரு ஞாயிறு. பத்துப் பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். வீடு ஒரு ரிட்டயர்டு இன்ஜினியருடையது. மந்தைவெளிக்காரர் என்று வைத்துக்கொள்வோம். மதுராந்தகம் பக்கம் நிலம். நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டு, பனியனுக்கு மேல் துண்டோடு வரவேற்றார்.

“வாங்கோ வாங்கோ. நிலம் எங்கே இருக்கு? எத்தனை ஏக்கர்? ரோட்லேர்ந்து எவ்ளோ தூரம்? கூட யார் பேர்லயாவது பட்டா இருக்கா?”

கேள்வியைப் பாருங்கள்! இது விவசாயி கேட்கிற கேள்வியா, தரகர் கேட்கிற கேள்வியா? நான் கொஞ்சமும் யோசிக்காமல், “உத்திரமேரூர்” என்று ஒரு பொய்யைப் போட்டேன்.

மூலையில் இருந்த ஒருவர் எழுந்தே விட்டார். “அட, நம்ம ஊரு! எந்த ஏரிப் பாசனம்?”

“பெரிய ஏரி” என்றேன்.

“பெரிய ஏரின்னா?”

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி ஆகிவிட்டது எனக்கு. பிட் அடித்துப் பிடிபட்ட பிள்ளைகளுக்கு இப்படித்தான் இருந்திருக்கும் போல. அப்போது எனக்குப் பக்கத்தில் இருந்த அம்மாள் கையை நீட்டி அவரை உட்காரச் சொன்னார். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பம், சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். திருப்போரூரிலிருந்து செங்கல்பட்டு போகிற வழியில் மூன்று ஏக்கர் வாங்கிப் போட்டுத் தானே பார்த்துக்கொள்கிறவர்.

“இருங்கண்ணாச்சி. அக்காவுக்கு நம்ம மேல இன்னும் நம்பிக்க வரல்ல. வந்த பொறவு சொல்லுவாங்க. நானும் மொத நாளு திருவண்ணாமலைன்னுதான சொன்னேன்?”

எல்லாரும் சிரித்தார்கள். மந்தைவெளிக்காரரே, “இங்க வர்றவா முக்காவாசிப் பேர் மொத தடவை பொய்தான் சொல்லுவா” என்று சொல்லிக் காபி கொடுத்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவ்வளவு சுலபமாக மன்னிக்கிறவர்களிடம் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

மாதாமாதம் போனேன். எந்த மாதம் மருந்து பாட்டிலை வெளியே எடுப்பார்கள், எந்த மாதம் ‘நீங்க மூணு பேரைச் சேர்த்து விடுங்க’ என்பார்கள் என்று காத்திருந்தேன். ஒருவர் பையிலிருந்து பாட்டிலை எடுத்தபோது, வந்துவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் மூடியைத் திறந்து தண்ணீர் குடித்தார். விதைநெல்லை உப்புத் தண்ணீரில் போட்டு மிதக்கும் பதரை எடுப்பதிலிருந்து, நாற்றின் நுனியைக் கிள்ளுவது வரைக்கும் பேசினார்கள். நல்ல விஷயங்கள்தான். நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனாலும் ஆட்டோவில் திரும்பும்போது, இதில் இவர்களுக்கு என்ன லாபம் என்பதையே கணக்குப் போட்டுக்கொண்டு வருவேன். விடை வரவில்லை. விடை வராத கணக்கு எனக்குப் பிடிக்காது.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவருடைய நிலத்துக்கு எல்லாரும் வேன் வைத்துக்கொண்டு போவார்கள். அங்கே நிலத்துக்குச் சொந்தக்காரர் மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. முதலில் அங்கே இறங்கி வேலை செய்கிறவர் பேசுவார்; பிறகு மற்றவர்கள் சுற்றிப் பார்த்துத் தங்களுக்குள் பேசுவார்கள்; கடைசியில்தான் சொந்தக்காரர். ‘வாயில என்ன கொழுக்கட்டையா?’ என்று கேட்பார்கள் இல்லையா, அந்தக் கொழுக்கட்டையை நிஜமாகவே மந்தைவெளிக்காரர் வீட்டு மாமி செய்து அனுப்பிவிடுவார். சொந்தக்காரர் அதை வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும். குழந்தைத்தனம் என்று நினைத்தேன். ஆனால் எனக்குத் தேவைப்பட்ட விசாரணை இதுதான். பன்னிரண்டு ஜோடிக் கண்கள், என் வாய் அதில் இல்லை, நான் சொல்லிக்கொடுத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது.

“மார்கழியில என் நிலத்துக்கு வாங்க” என்றேன். “உத்திரமேரூர் இல்ல. திருப்போரூர்.”

“தெரியும்க்கா” என்றார் தி.நகர் அம்மாள். “உங்க செருப்புல அந்தப் பக்கத்து மண்ணுல்லா ஒட்டியிருந்துச்சி.”

பார்த்தீர்களா, இதுவும் என்னை மாதிரிப் பிட் பிடிக்கிற ஆள்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

அடையாறு டிப்போ வாசலில் வேன் ஏறினோம். மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்தது. பழைய மகாபலிபுரம் ரோடு முழுக்க எனக்கு ஒரே படபடப்பு. இன்றைக்கு முடிந்துவிடும், பயிர்க்காரருடைய முகத்திரை கிழிந்துவிடும் என்று மனதுக்குள் ஒரு குரல். இன்னொரு பக்கம், இவ்வளவு பேருக்கு நிலத்தைக் காட்டிக் கொடுக்கிறோமே, நாளைக்கு எவனாவது விலை பேச வருவானோ என்றும் இருந்தது.

கேட்டுக்குப் பக்கத்தில் பயிர்க்காரர் நின்றிருந்தார். வெளுத்த சட்டை போட்டிருந்தார், பாவம். இத்தனை பேர் வருவதைப் பார்த்ததும் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். மந்தைவெளிக்காரர் டப்பாவைத் திறந்து ஒரு கொழுக்கட்டையை எடுத்து என்னிடம் கொடுத்தார். வாயில் போட்டுக்கொண்டேன்.

“இன்னிக்கு அம்மா பேசப்படாது. நீங்கதான் சொல்லணும்” என்றார் பயிர்க்காரரிடம். “பயிர் எப்படி இருக்கு?”

பயிர்க்காரர் என்னைப் பார்த்தார். நான் வாயில் கொழுக்கட்டையோடு அவரைப் பார்த்தேன். “இன்னா சொல்றது சார். கீது, பாத்துக்குங்க” என்றார்.

கிழக்குப் பாதி வயலில் பயிர் மஞ்சளாக நின்றது. இலை நுனி கருகியிருந்தது. நாலு நாள் ஆகியும் முழங்கால் அளவு தண்ணீர் அங்கே அசையாமல் கிடந்தது. தி.நகர் அம்மாள் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். மேட்டுப் பக்கம் வரப்பிலிருந்து ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து நாக்கில் வைத்துத் துப்பினார்.

“உப்பு கரிக்கி” என்றார். பிறகு பயிர்க்காரரைப் பார்த்து, “அண்ணாச்சி, இந்த மழைத்தண்ணி முன்ன எங்கிட்டு வடியும்?”

“கெழக்காலதாம்மா. கெழக்கால ஓடை கீது. மய பேஞ்சா உப்பெல்லாம் கழுவிக்கினு அங்க போயிடும்.”

“இப்ப?”

அவர் வரப்பில் நடந்து கிழக்குச் சுவர் வரைக்கும் போனார். எல்லாரும் பின்னாலேயே போனோம். சுவரின் அடியில் அம்மைத் தழும்பு மாதிரி ஏழெட்டு இடத்தில் சிமெண்ட் திட்டுகள்.

“இங்க ஓட்டை போட்டேன். அடைச்சிட்டாங்க” என்றார். இரண்டு முழம் தள்ளிக் காட்டினார். “இங்க போட்டேன். அடைச்சிட்டாங்க. இதுவும் நான் போட்டதுதான். தண்ணி போனா உப்பு போவும். போவாங்காட்டி உப்பு உள்ளயே நின்னுடுது. வெயில் காலத்துல வந்து பாத்தீங்கன்னா மண்ணு வெள்ளையா பூத்துக் கெடக்கும்.”

“எந்தப் புண்ணியவான் அடைச்சான் இதை?” என்று மந்தைவெளிக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். “பயிரைக் குழி தோண்டிப் புதைச்சா மாதிரின்னா இருக்கு! யாருய்யா அடைச்சது?”

பயிர்க்காரர் என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டே, “தெர்லீங்க சார்” என்றார்.

வாயிலிருந்த கொழுக்கட்டையை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. அந்த நேரத்தில் அது இல்லாவிட்டால் நான் எதையாவது உளறிக் கொட்டியிருப்பேன். மழையின் மேல், கொத்தனார் மேல், பக்கத்து நிலத்துக்காரன் மேல் பழியைப் போட்டிருப்பேன். பேச வழி இல்லாததால் கேட்க வேண்டியதாயிற்று. சுவருக்கு எப்படித் திறப்பு விட வேண்டும், எத்தனை இடத்தில், கம்பி வலை போட்டால் ஆடு மாடு வராது, இரண்டு மழை கழுவினால் மண் எவ்வளவு தேறும் என்று அவர்கள் பேசப் பேச, பயிர்க்காரர் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். அந்த மனிதர் இவ்வளவு பேசுவார் என்பதே எனக்குத் தெரியாது. கை நுழையும் ஓட்டை எதற்கு என்று யோசிக்காமல் நாலு வருஷம் கணக்கு டீச்சர் என்று மார் தட்டிக்கொண்டிருந்திருக்கிறேனே, என்னைச் செருப்பால் அடித்தால் என்ன என்று இருந்தது.

கடைசியில் என் முறை வந்தது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். “சுவரை நாளைக்கே இடிக்கிறேன்” என்றேன். அடைத்தது நான்தான் என்று சொல்லவில்லை. வாய் வரவில்லை. தி.நகர் அம்மாள் மட்டும் அந்தச் சிமெண்ட் திட்டுகளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

சொன்னபடி இடித்தேன். கிழக்கே மூன்று இடத்தில் திறப்பு விட்டு, கம்பி வலை போட்டேன். தண்ணீர் இரண்டே நாளில் வடிந்துவிட்டது என்று பயிர்க்காரர் போனில் சொன்னார். “அவரை நிறுத்தப் போவதில்லை” என்று வீட்டுக்காரரிடம் பெருந்தன்மையாக அறிவித்தேன். “ரொம்ப நல்லது” என்றார் இவர், எதையோ முழுங்கிக்கொண்டே.

குழுவைப் பற்றிய சந்தேகமும் எனக்குக் கிட்டத்தட்டத் தீர்ந்திருந்தது. அடுத்த கூட்டத்துக்குப் பக்கோடா வாங்கிக்கொண்டு போனேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். சேர்ந்ததால் என்ன பயன் என்று யாராவது அன்றைக்குக் கேட்டிருந்தால், ‘நாலு வருஷமாகத் தெரியாதது நாற்பது நிமிஷத்தில் தெரிந்தது’ என்று சொல்லியிருப்பேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். இன்றைக்கும் மாதாமாதம் போகிறேன்.

பொங்கலுக்கு மறுவாரம் தி.நகர் அம்மாளிடமிருந்து போன்.

“அக்கா, ஒரு விசயம். மறைச்சுப் பேச எனக்கு வராது. உங்க நெலத்துல இருக்க அண்ணாச்சிய என் நெலத்துக்கு வாரீங்களான்னு கேட்டேன். வாரேன்னுட்டாரு. உங்ககிட்ட சொல்லாம கூட்டிட்டுப் போனா அது களவு. அதான் சொல்லுதேன்.”

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்ததோ! “இதுக்குத்தான் வேன் வெச்சு வந்தீங்களா? நிலத்தைப் பாக்க வந்தீங்களா, ஆளைப் பாக்க வந்தீங்களா? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதையா இருக்கே!” என்று கத்தினேன்.

அந்த அம்மாள் கோபிக்கவில்லை. “நீங்க என்னைய எப்படி வேணாலும் ஏசுங்கக்கா. அவரு கிட்டயும் ஒரு வார்த்த பேசிப் பாருங்க. அவரு இருக்கேன்னு சொன்னா நான் குறுக்க வரமாட்டேன்” என்று வைத்துவிட்டார்.

“பார்த்தீங்களா? கட்டணம் இல்லன்னப்பவே நான் சொன்னேனா இல்லையா?” என்று வீட்டுக்காரரிடம் திரும்பினேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

மூன்றாம் நாள் பயிர்க்காரர் வந்தார். எங்கள் பங்கு அரிசியை இறக்கி, லிஃப்டில் ஏற்றி, சமையலறை வரைக்கும் கொண்டுவந்து அடுக்கினார். கேட்டுச் சாவியைச் சாப்பாட்டு மேஜை மேல் வைத்தார். நான் காபி கலந்து கொடுத்தேன். வழக்கமாக நின்றுகொண்டே குடிப்பவரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தேன்.

“போகாதீங்க” என்றேன். எனக்குத் தெரிந்த பணிவெல்லாம் அந்த ஒரு வார்த்தையில்தான் இருந்தது. “சுவரை இடிச்சாச்சு. அடுத்த வருஷம் பயிர் நல்லா வரும். நீங்கதானே சொன்னீங்க?”

“வரும்மா. நல்லா வரும். யாரு வெச்சாலும் வரும்.”

“அந்தம்மா அதிகமாத் தரேன்னாங்களா?”

“அதே பாதிதாம்மா.”

“அப்புறம் என்ன? அந்த ஓட்டை விஷயமா? அடைச்சது நான்தான். தப்புதான்” என்றேன். ஒரு வழியாகச் சொல்லிவிட்டேன்.

“நீங்கதான்னு எனக்குத் தெரியும்மா. கொத்தனாரு எங்க ஊர்ல பொண்ணு கட்டனவன்தான்.” அவர் காபியை ஒரு வாய் குடித்தார். “ஓட்டைய அடைக்கறது பெரிசில்ல. அடைச்சா நான் இன்னொண்ணு போட்டுக்கினே இருந்திருப்பேன். பயிரை வுட முடியுமா?”

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. இது தண்ணி வடியறதுக்குன்னு.”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். மூணாவது வருசம் நீங்க டாக்ஸியில வந்தீங்களே, அன்னிக்கே சொல்லிடலாம்னு எயுந்தேன். நீங்க டீக்கடையாண்ட நின்னு பேசிக்கினு இருந்தீங்க.”

இந்த இடத்தை நான் இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. வீட்டுக்காரரிடம்கூட. அன்றைக்கு ஓட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது ஊர் முனையில் இருந்த டீக்கடையில் டாக்ஸியை நிறுத்தினேன். கடைக்காரரிடம், ‘எங்க நிலத்துல பயிர் வைக்கறவர் ராத்திரியில நெல்லு ஏதும் விக்கறாரா? ஆள் எப்படி? கை சுத்தமா?’ என்று விசாரித்தேன். சத்தமாகத்தான் கேட்டேன். எனக்கு மெதுவாகப் பேச வராது. கடைக்காரர் தலையைத் தூக்காமல் கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தார்.

“நீங்க அங்க…” என்றேன்.

“உள்ள பெஞ்சில ஒக்காந்தினு இருந்தேன்மா. ஊருக்காரங்க நாலு பேரும் கூட இருந்தாங்க.”

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். கோபமெல்லாம் அவர் குரலில் இல்லை. இருந்திருந்தால் நான் பதிலுக்குக் கத்தியாவது இருப்பேன்.

“யாரும் ஒண்ணும் கேக்கலமா. ஆனா அன்னிலேர்ந்து நான் அந்தக் கடைக்குப் போறதில்ல” என்றார். “எங்க ஊர்ல இருக்கறது அந்த ஒரு டீக்கடைதான்.”